வேன்ல தண்ணி டேங்க் லெவல் தப்பா காட்டுதா? புது சென்சார் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

போன ஆனி மாசம் அம்மா, வீட்டுக்காரி, ரெண்டு புள்ளைக எல்லாரையும் ஏத்திக்கிட்டு நம்ம வேன்ல தனுஷ்கோடி அரிச்சல்முனை போனோம். கிளம்புறப்ப பேனல்ல முக்கால் டேங்க்னு காட்டுச்சு, சரி அறுபது லிட்டர் டேங்க்ல நாப்பத்தஞ்சு லிட்டர் இருக்குன்னா சாயங்காலம் வரைக்கும் தாராளம்னு நம்பி ராமேஸ்வரத்துல தண்ணி பிடிக்காமலே போயிட்டேன். அங்க கச்சான் காத்து ரோட்டு மேல மணலை வாரி இறைக்குது, சின்னவனுக்கு கண்ணு பூரா மண்ணு, கழுவி விடலாம்னு டேப்பை திறந்தா பம்ப் வெறுங்காத்தை இழுத்துக்கிட்டு உறுமுது. டேங்க்ல சொட்டு தண்ணி இல்ல. பேனல் அப்பவும் முக்கால்னுதான் சொல்லுது. அங்க கடை போட்டிருந்த அக்கா ஒருத்தவங்கதான் அரைக்குடம் ஊத்துத் தண்ணி குடுத்தாங்க, ரெண்டு பக்கமும் கடல், நடுவுல மணலை கொஞ்சம் தோண்டினா குடிக்கிற தண்ணி ஊறுமே, அந்தத் தண்ணி. அந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்.

ஊருக்கு வந்து நான் செஞ்ச முதல் வேலை புது சென்சார் வாங்குனது. மாட்டியாச்சு, மறுபடியும் காலி டேங்குக்கு முக்கால். அப்புறம்தான் மண்டபத்துல விசைப்படகுக்கு வயரிங் பாக்குற ஒரு அண்ணனை கூட்டிட்டு வந்தேன். அவர் சென்சாரை கழட்டக்கூட இல்ல, மீட்டரை எடுத்து ரெண்டு இடத்துல வச்சுப் பாத்துட்டு, "தம்பி, சென்சார் ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு, எர்த்துதான் செத்துப்போச்சு" அப்படின்னார். எர்த்னா கரன்ட் பேட்டரி மைனஸுக்கு திரும்பிப் போற வழி. சேசிஸ்ல போல்ட் போட்டிருந்த லக்கை, அதான் வயர் முனையில இருக்குற வளையத்தை இழுத்தா கையோட வந்துருச்சு, உள்ள பூரா பச்சைக் களிம்பு. அன்னைலேர்ந்து நம்ம பக்கம் வேன் வச்சிருக்கிற யார் கூப்பிட்டு லெவல் தப்பா காட்டுதுன்னு சொன்னாலும் நான் முதல்ல கேக்குறது எர்த் பாத்தீங்களான்னுதான்.

தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, உச்சிப்புளி, பாம்பன், எங்க வேணா நிறுத்துங்க, காத்துல உப்பு இருக்கு. 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் ரயில் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயிண்ட்டுன்னு பாத்துப் பாத்து கட்டியிருக்காங்க, நம்ம வேனுக்கு அடியில வெறும் செம்புக் கம்பியை இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டா எத்தனை நாள் தாங்கும் சொல்லுங்க.

முதல்ல உங்க டேங்க்ல என்ன சென்சார் இருக்குன்னு பாருங்க

இது தெரியாம அறிகுறிய வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, ஏன்னா ஒரே கோளாறு ஒரு சென்சார்ல ஃபுல்னு காட்டும், இன்னொன்னுல காலின்னு காட்டும்.

டேங்க் மேல வட்டமா ஒரு மூடி, அஞ்சு ஸ்க்ரூ, ரெண்டு வயர் வெளிய வருதுன்னா அது மிதவை சென்சார். உள்ள ஒரு ஸ்டீல் குழாய், அதுல மேல கீழ போற ஒரு மிதவை, மிதவைக்குள்ள காந்தம், குழாய்க்குள்ள வரிசையா ரீட் சுவிட்சும் (காந்தம் கிட்ட வந்தா ஒட்டிக்கிற சுவிட்ச்) ரெசிஸ்டரும். தண்ணி ஏற ஏற ஓம், அதாவது கரன்டுக்கு இருக்குற தடை மாறும், கேஜ் (லெவல் காட்டுற மீட்டர்) அதைப் படிக்கும். இதுலயே ரெண்டு கணக்கு இருக்கு. ஐரோப்பா கணக்குல காலிக்கு 0 ஓம், ஃபுல்லுக்கு 190 ஓம் (சிலது 10லேர்ந்து 180). அமெரிக்கா கணக்குல தலைகீழ், காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33. உங்களது எதுன்னு கேஜ் முதுகுலயோ சென்சார் மூடிலயோ போட்டிருக்கும், அதை போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கங்க.

டேங்க் பக்கவாட்டுல மூணு நாலு ஸ்க்ரூ தலை தெரியுது, ஒவ்வொன்னுலயும் ஒரு வயர், பேனல்ல பட்டன் அமுக்கினா லைட் எரியுதுன்னா அது ப்ரோப் வகை. தண்ணி வழியா கரன்ட் போகுதான்னு பாத்து லெவல் சொல்றது. டேங்க் மேல கருப்பா வட்டமா கண்ணு மாதிரி ஒன்னு கீழ பாத்தா அல்ட்ராசோனிக், சத்தத்தை அனுப்பி அது தண்ணில பட்டு திரும்பி வர்ற நேரத்தை வச்சு லெவல் சொல்றது. பிளாஸ்டிக் டேங்க் வெளிப்பக்கம் பட்டை மாதிரி ஒட்டியிருந்தா கெபாசிட்டிவ்.

கையில என்ன இருக்கணும்

நூத்தைம்பது இருநூறு ரூபாய்க்கு கிடைக்குற மஞ்சக் கலர் மல்டிமீட்டரே போதும். ஆனா ஒரு விஷயம், அதுல ஓம் பக்கம் 200, 2000னு ரேஞ்ச் இருக்கும், 240 ஓம் சென்சாரை 200ல வச்சு அளந்தா இடது ஓரத்துல வெறும் 1 மட்டும் வரும், உடனே சென்சார் அறுந்துருச்சுன்னு நெனச்சுருவோம். 2000ல வைங்க. அளக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கம்பியையும் ஒன்னோட ஒன்னு தொட்டுப் பாருங்க, அரை ஓம் ஒரு ஓம் காட்டினா அது மீட்டர் வயரோட ஓம், அதை கழிச்சுக்கங்க. ஓம் அளக்குறப்ப சென்சார் வயரை கேஜ்லேர்ந்து கழட்டிட்டுதான் அளக்கணும், கரன்ட் இருக்குற வயர்ல ஓம் அளந்தா கணக்கும் தப்பு, மீட்டரும் போயிரும்.

இன்னொன்னு, ரீட் சுவிட்ச் சென்சாரை பல்பு போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க. நம்ம ஆட்டோ எலக்ட்ரீஷியன்க எல்லாத்துக்கும் டெஸ்ட் லேம்ப் வைக்கிற பழக்கம் உண்டு, இதுக்குள்ள இருக்குற சுவிட்ச் தலைமுடி மாதிரி மெல்லிசு, பல்பு இழுக்குற கரன்டுல ஒட்டிக்கும், அப்புறம் நல்லா இருந்த சென்சாரும் குப்பைக்குத்தான்.

டேங்க் காலி, ஆனா ஃபுல்லோ முக்காலோ காட்டுது

நம்மளை நடுவழியில நிறுத்துற கோளாறு இதுதான், அதனால இதை நின்னு நிதானமா சொல்றேன்.

0–190 மிதவை சென்சாரா இருந்தா முதல்ல எர்த். காலி டேங்க்ல சென்சார் 0 ஓம் குடுக்குது, ஆனா எர்த் ஜாயின்ட்ல களிம்பு பிடிச்சு அதுவே ஒரு 140 ஓம் ஆயிருச்சுன்னு வைங்க, கேஜுக்கு ரெண்டும் சேர்ந்து 140தான் தெரியும், அது முக்கால்னு படிக்கும். என் வண்டில நடந்தது இதேதான். வயர் முழுசா அறுந்துட்டா இன்னும் மோசம், ஊசி ஃபுல்லையும் தாண்டிப் போயி ஒட்டிக்கும்.

பாக்குற விதம் இப்படி. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு சென்சாரோட சிக்னல் வயரை கேஜ் பக்கம் கழட்டுங்க. மீட்டரோட ஒரு கம்பிய அந்த சிக்னல் வயர்ல, இன்னொன்னை பேட்டரி மைனஸ்லயே வைங்க, சேசிஸ்ல வைக்காதீங்க. வர்ற கணக்கை எழுதிக்கங்க. அடுத்து டேங்க் கிட்ட போயி சென்சாரோட ரெண்டு வயர்லயும் நேரா வச்சு அளங்க. ரெண்டு கணக்கும் ஒன்னா இருந்தா வயரிங் நல்லா இருக்கு. டேங்க் கிட்ட 2 ஓம், கேஜ் கிட்ட 140 ஓம்னா நடுவுல எங்கயோ களிம்பு. இவ்வளவுதான் டெஸ்ட், பத்து நிமிஷம், இதை செய்யாம நான் ஒரு சென்சார் காசை விட்டேன்.

240–33 சென்சார்ல இதே எர்த் கோளாறு காலின்னு காட்டும், ஏன்னா அதுல ஓம் கூடினா லெவல் கொறைஞ்ச மாதிரி. அதனாலதான் புதுசா போடுறவங்களுக்கு நான் நம்ம கடற்கரைக்கு 240–33 போடுங்கன்னு சொல்றேன். உப்பு எப்பவும் வயரை அரிச்சு ஓமைக் கூட்டத்தான் செய்யும், அப்படிக் கூடுறப்ப கேஜ் காலின்னு சொன்னா நாம தேவையில்லாம ஒரு தடவை தண்ணி பிடிப்போம், அவ்வளவுதான் நஷ்டம். ஃபுல்னு சொன்னா புள்ளைகளோட வெயில்ல நிப்போம். இந்த வித்தியாசத்தை கடையில யாரும் சொல்ல மாட்டாய்ங்க. ஆனா சென்சாரை மட்டும் மாத்தக்கூடாது, கேஜும் அதே கணக்குல இருக்கணும்.

ப்ரோப் வகைல காலி டேங்குக்கு ஃபுல் காட்டினா எர்த் காரணம் இல்ல, எர்த் போனா அது காலின்னுதான் காட்டும். இங்க காரணம் படிவு. நம்ம போர் தண்ணி உவர்ப்பு, டேங்க் உள் சுவர்ல வெள்ளையா உப்புப் படியும், அந்தப் படிவு ஈரத்தோட இருக்குற வரைக்கும் ஒரு ஸ்க்ரூலேர்ந்து இன்னொரு ஸ்க்ரூவுக்கு கரன்ட் அது வழியாவே போயிரும், பேனல் தண்ணி இருக்குன்னு நம்பும். ஆனா உள்ள கைய வைக்கிறதுக்கு முன்னாடி வெளிய பாருங்க, இது நெறைய பேர் விட்டுர்ற இடம். டேங்க் வண்டிக்கு அடியில இருந்தா ஸ்க்ரூ தலைக்கும் தலைக்கும் நடுவுல வெளிச்சுவர்லயே உப்பும் மண்ணும் பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும். நல்ல தண்ணில துணிய நனைச்சு தொடச்சு, காயவிட்டு, மறுபடி பட்டனை அமுக்கிப் பாருங்க. கீழக்கரைல ஒரு காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) வண்டிக்கு இது மட்டுமே செஞ்சு சரியாயிருச்சு. "இவ்வளவுதானா தம்பி, நான் டேங்கையே மாத்தலாம்னு இருந்தேன்"னார்.

வெளிய சுத்தமா இருந்தும் ஃபுல் காட்டினா உள்ள கழுவணும். மளிகைக் கடைல எலுமிச்சை உப்புன்னு கிடைக்கும், வெதுவெதுப்பான தண்ணி ஒரு லிட்டருக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் கணக்குல கரைச்சு டேங்க்ல ஊத்தி, வண்டிய ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, தண்ணி எல்லாப் பக்கமும் அடிச்சு கழுவும். ரெண்டு மணி நேரம் ஊறவிட்டு வடிச்சு, நல்ல தண்ணில மூணு தடவை அலசுங்க. ஒரு எச்சரிக்கை, இதை மனசுல வச்சுக்கங்க: பிளீச்சிங் பவுடர் போட்டு டேங்க் கழுவுற பழக்கம் இருந்தா அதையும் எலுமிச்சை உப்பு, வினிகர் மாதிரி புளிப்பு எதையும் சேர்த்துப் போட்டுறாதீங்க, குளோரின் வாயு கிளம்பும், வேன் மாதிரி மூடின இடத்துல அது ஆபத்து. ஒன்னு முடிச்சு நல்லா அலசி ஒரு நாள் விட்டு அடுத்தது.

தண்ணி இருக்கு, ஆனா எப்பவும் காலின்னே காட்டுது

மிதவை வகைனா கேஜ் நல்லா இருக்கான்னு முதல்ல பாருங்க. சிக்னல் வயரை சென்சார்லேர்ந்து கழட்டி ஒரு தடவை தனியா விடுங்க, ஒரு தடவை சென்சாரோட எர்த் வயர்ல தொடுங்க. ஊசி இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரத்துக்கு முழுசா போனா கேஜும் வயரும் நல்லா இருக்கு, கோளாறு சென்சார்லதான். ஊசி அசையவே இல்லன்னா கேஜுக்கு வர்ற பிளஸ் வயர்ல 12 வோல்ட் இருக்கா, ஃபியூஸ் கால்ல களிம்பு இருக்கான்னு பாருங்க. ஃபியூஸ் கண்ணுக்கு நல்லா இருக்கும், ஆனா அதோட கால் பச்சையா இருக்கும், பிடுங்கி உப்புத்தாள் போட்டு ரெண்டு தேய் தேய்ச்சு சொருகினா முடிஞ்சது.

ப்ரோப் வகைல எல்லா லைட்டும் ஒரே நேரத்துல போச்சுன்னா அடியில இருக்குற பொது எர்த் ஸ்க்ரூ. நடுவுல ஒரு லைட் மட்டும் வராம மேல உள்ளது வருதுன்னா அந்த ஒரு ஸ்க்ரூவோட லக். பேனலை எப்பவும் ஆன்லயே விடுற மாதிரி வயர் பண்ணியிருந்தா அதை பட்டனுக்கு மாத்திருங்க, உவர் தண்ணி வழியா ராவும் பகலும் டி.சி. கரன்ட் போயிக்கிட்டே இருந்தா ஸ்க்ரூ அரிச்சு மெலிஞ்சு ஒரு நாள் அங்கேயே ஒழுக ஆரம்பிச்சிரும்.

பம்ப் ஓடுறப்ப மட்டும் லெவல் மாறுது, நிறுத்தினா பழையபடி வருது

டேப்பை திறந்தா ஊசி சட்டுன்னு நகருது, மூடினா திரும்புது. தண்ணி அவ்வளவு வேகமா கொறையவும் செய்யாது, கூடவும் செய்யாதுல்ல. பம்பும் சென்சாரும் ஒரே எர்த் போல்ட்ல கட்டியிருக்கும். பம்ப் ஒரு 6 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க, அந்த ஜாயின்ட்ல 0.1 ஓம் இருந்தாலே 0.6 வோல்ட் அங்க தங்கிரும், சென்சாருக்கு தரையே ஏறிப்போன மாதிரி, கேஜ் படிக்கிற கணக்கு மொத்தமும் நகர்ந்துரும்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்ல வைங்க, கருப்புக் கம்பி பேட்டரி மைனஸ்ல, சிவப்புக் கம்பி சென்சாரோட எர்த் வயர்ல. டேப்பை திறந்து பம்பை ஓட விடுங்க. 0.1 வோல்டுக்கு மேல போனா அந்த எர்த் சரியில்ல. இதுக்கு போல்டை டைட் பண்றது தற்காலிகம்தான், நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துல மறுபடி வந்துரும். சென்சாருக்குன்னு தனியா ஒரு எர்த் வயர் பேட்டரி மைனஸ் வரைக்கும் இழுத்துருங்க. அரை ஆம்பியர்கூட போகாத வயர், முக்கால் ஸ்கொயர் எம்.எம். போதும், ஆனா பம்ப் எர்த்தோட எங்கயும் சேரக்கூடாது.

ஒரு இடத்துல போயி நின்னுக்குது, அதுக்கு மேல கீழ அசையல

மிதவை மாட்டிக்கிச்சு. சென்சாரை வெளிய எடுத்துத்தான் ஆகணும். அஞ்சு ஸ்க்ரூவை கழட்டுறதுக்கு முன்னாடி மூடி மேலயும் டேங்க் மேலயும் சேர்த்து மார்க்கர்ல ஒரு கோடு போட்டுருங்க, அந்த அஞ்சு ஓட்டையும் ஒரே இடைவெளில இருக்காது, ஒரே ஒரு விதமாத்தான் பொருந்தும், அப்புறம் தேடிக்கிட்டு நிக்க வேணாம். சுத்தி இருக்குற மண்ணை முதல்ல தொடச்சுருங்க, இல்லன்னா அது எல்லாம் குடிக்கிற தண்ணிக்குள்ள விழும்.

எடுத்துப் பாத்தா ரெண்டுல ஒன்னு இருக்கும். குழாய் மேல வெள்ளையா சொரசொரன்னு படிவு, இல்லன்னா மிதவையச் சுத்தி கருப்பா செம்பழுப்பா பொடி. அந்தப் பொடி துரு. மிதவைக்குள்ள காந்தம் இருக்குல்ல, போர் தண்ணில வர்ற துருத்தூள், பழைய இரும்பு பைப்லேர்ந்து வர்ற துரு எல்லாத்தையும் அது இழுத்து வச்சுக்கும், சேந்து சேந்து குழாய்க்கும் மிதவைக்கும் நடுவுல அடைச்சுக்கும். அடியில இருக்குற கிளிப்பை எடுத்து மிதவைய உருவி, எலுமிச்சை உப்புத் தண்ணில ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க. கத்தி, கம்பி எதுவும் வேணாம், குழாய்ல கீறல் விழுந்தா உப்பு அங்கேயேதான் முதல்ல உக்காரும். மிதவைய உருவுறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் மேலன்னு அடையாளம் வச்சுக்கங்க, காந்தம் நட்டநடுவுல இல்லாம ஒரு ஓரமா இருக்கும், தலைகீழா போட்டா கணக்கு தப்பும்.

திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி கையிலயே டெஸ்ட் பண்ணுங்க. மீட்டரை மாட்டிக்கிட்டு மிதவைய அடியிலேர்ந்து மேல மெதுவா தள்ளிக்கிட்டே வாங்க, ஓம் படிப்படியா மாறணும், குதிச்சு குதிச்சு மாறுறது இயல்புதான், அதுக்குள்ள ரெண்டு ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். நடுவுல எங்கயாவது 1ன்னு வந்து அறுந்த மாதிரி காட்டிட்டு மறுபடி வந்தா அந்த இடத்து ரீட் சுவிட்ச் போச்சு, அப்ப மட்டும்தான் புது சென்சார். வாங்குறப்ப 316 கிரேடு ஸ்டீலான்னு கேளுங்க, 304ம் ஸ்டெயின்லெஸ்தான், ஆனா உவர் தண்ணில புள்ளி புள்ளியா அரிக்கும், 316ல மாலிப்டினம் சேத்திருக்கறதால கொஞ்சம் கூட தாங்கும்.

பாதில சரியா இருக்கு, ஃபுல்லும் காலியும் உல்டா

கேஜ் ஒரு கணக்கு, சென்சார் இன்னொரு கணக்கு. 0–190ல பாதி டேங்க் கிட்டத்தட்ட 95 ஓம், 240–33ல பாதி 103 ஓம், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. அதனால பாதி டேங்க்ல வச்சு டெஸ்ட் பண்ற மெக்கானிக் சரியா காட்டுதுன்னு சொல்லி அனுப்பிருவார். ரிப்பேர் ஒன்னும் இல்ல, ரெண்டுல ஒன்னை மாத்தணும்.

கேன் தண்ணி ஊத்தினா கொறைச்சுக் காட்டுது, போர் தண்ணி ஊத்தினா சரி

இது ப்ரோப் வகைக்கு மட்டும். எங்க தெரு போர் தண்ணி டி.டி.எஸ். மீட்டர்ல 2000ஐ தாண்டும், குடிநீர்ல அதிகபட்சம் அதுதான்னு பி.ஐ.எஸ். சொல்ற அளவு அது. கேன்ல வர்ற ஆர்.ஓ. தண்ணி ஐம்பது, அறுபதுன்னு இருக்கும். உப்பு இல்லாத தண்ணி கரன்டை சரியா கடத்தாது, சில பேனல் அதைக் காத்துன்னே நெனச்சுக்கும். சென்சார் நல்லாத்தான் இருக்கு. பேனல் பின்னாடி திருகுற மாதிரி ஒரு சின்ன குமிழ் இருந்தா அதை கொஞ்சம் ஏத்திப் பாருங்க, இல்லன்னா ஆர்.ஓ. தண்ணிதான் எப்பவும் ஊத்துவோம்னா மிதவைக்கு மாறிருங்க. தண்ணில உப்புப் போட்டு சரி பண்ணலாம்னு ஒருத்தர் கேட்டார், வேணாம், பம்பும் ஸ்க்ரூவும் சேர்ந்து அரிச்சுப் போகும்.

காலைல சரி, மத்தியானம் கண்டபடி குதிக்குது

அல்ட்ராசோனிக். சூட்டுல சத்தம் வேகமா போகும், 20 டிகிரில நொடிக்கு 343 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். மூடின வேன்ல சூடு 50 டிகிரி வரைக்கும் போனாலும் அது அஞ்சு சதவீதம்தான், நாப்பது சென்டிமீட்டர் ஆழ டேங்க்ல ரெண்டு சென்டிமீட்டர் தப்பு. அதனால கால் டேங்க் அரை டேங்க்னு குதிச்சா சூடு மட்டும் காரணமா இருக்காது, சென்சார் கண்ணுல நீராவி துளித் துளியா தொங்குதான்னு பாருங்க, துணியால ஒத்தி எடுத்தா அன்னைக்கு சரியாகும். ஒட்டுமொத்தமா பாத்தா வேனுக்கு இது பொருந்தாதுன்னுதான் நான் சொல்வேன், மலிவா கிடைக்கிற வாட்டர்புரூஃப் மாடல்க எல்லாம் முதல் 20, 25 சென்டிமீட்டரைப் பாக்கவே பாக்காது, நாப்பது சென்டிமீட்டர் டேங்க்ல பாதி அதுலயே போயிரும்.

ஓடுறப்ப ஊசி ஆடுது, சாஞ்சு நின்னா மாறுது

தண்ணி அலம்புறதால ஆடுறது இயல்பு, பாம்பன் பாலத்துல பக்கக் காத்துல வண்டியே ஆடுறப்ப டேங்க் ஆடாம இருக்குமா. சமதரைல நிறுத்தி ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பாருங்க. நின்ன பிறகும் ஆடினா லூஸ் கான்டாக்ட், வயரை ஒவ்வொரு இடமா பிடிச்சு மெதுவா அசைச்சுக்கிட்டே ஊசியப் பாத்தா இடம் தெரிஞ்சுரும். அரியமான் பீச் பக்கம் மணல்ல ஒரு சக்கரம் இறங்கி நின்னா லெவல் தப்பாத்தான் காட்டும், அதுக்காக எதையும் கழட்டாதீங்க.

எர்த்தும் ஜாயின்ட்டும் திரும்பப் போடுற விதம்

கண்டுபிடிக்கிறது பாதி வேலை, போடுறது ஒழுங்கா இல்லன்னா அடுத்த வாடைக் காத்துக்குள்ள திரும்ப வந்துரும். பேட்டரி மைனஸை கழட்டிட்டு ஆரம்பிங்க. பழைய வயரோட முனைய வெட்டி உள்ள செம்பு என்ன கலர்ல இருக்குன்னு பாருங்க. கருப்பா இருந்தா இன்னும் கொஞ்சம் வெட்டுங்க, பளிச்சுன்னு செம்பு தெரியுற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும். விளக்குத் திரி எண்ணெய இழுக்குற மாதிரி உப்புத் தண்ணி இழை வழியா இன்சுலேஷனுக்குள்ள ஏறியிருக்கும், அரை அடி வரைக்கும் கருத்துப் போனதை நானே பாத்திருக்கேன். வயர் பத்தலன்னா புதுசு இழுங்க, படகு வயரிங் சாமான் விக்கிற கடைல வெள்ளீயம் பூசின செம்பு வயர் கேட்டு வாங்குங்க, இழை வெள்ளி மாதிரி இருக்கும், விலை கூடத்தான், ஆனா இங்க அதுதான் நிக்கும்.

சும்மா முறுக்கி டேப் சுத்துறது வேணவே வேணாம், டேப் வெயில்ல பசை விட்டு உரிஞ்சு உள்ள ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். லக்கை கிரிம்ப் பண்ணி (வயரோட சேர்த்து நசுக்கிப் பிடிக்க வச்சு), உள்ள பசை வச்ச ஹீட் ஸ்லீவ் போட்டு சூடு காட்டுங்க, ரெண்டு முனையிலயும் பசை கசிஞ்சு வெளிய தெரிஞ்சா காத்து போகாதுன்னு அர்த்தம். வெறும் ஈயம் வச்சு பத்த வச்சா வண்டி அதிர்ச்சில அந்த ஓரத்துல ஒடியும், அதனால கிரிம்ப்தான். களிம்பு பிடிச்ச டெர்மினலை புளி போட்டு பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி சில பேர் தேய்ப்பாங்க, பளபளன்னு ஆகும், ஆனா அந்தப் புளிப்பு இடுக்குல நின்னு மறுபடி களிம்பை வரவைக்கும். உப்புத்தாள்ல காஞ்ச மேனிக்கு தேய்ங்க. போல்டை இறுக்கி லோகமும் லோகமும் நல்லா அழுந்தின பிறகு மேல வாசலின் பூசுங்க, அதுக்கு முன்னாடி பூசாதீங்க. வயர் கனெக்டருக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி கீழ தொங்குற மாதிரி ஒரு வளைவு விட்டுருங்க, வழியுற தண்ணி அந்த வளைவுலேர்ந்து சொட்டிரும், கனெக்டருக்குள்ள ஏறாது. மண்டபத்து அண்ணன் என் வண்டில இதை ஒவ்வொன்னா செஞ்சு காட்டிட்டு, "படகுக்கு எப்படியோ அப்படித்தான் தம்பி, இதுவும் உப்புல நிக்கிற வண்டிதான்"னார்.

எல்லாம் முடிஞ்சதும் கேன் கணக்கு

நம்ம டேங்க் சக்கர வளைவுக்கு மேல உக்கார்றதால பெட்டி மாதிரி நேரா இருக்காது, அடியில குறுகி மேல அகலமா இருக்கும். அதனால ஊசி பாதின்னு காட்டினா பாதி லிட்டர் இருக்குன்னு அர்த்தம் இல்ல. டேங்கை முழுசா வடிச்சுட்டு சமதரைல நிறுத்துங்க. இருபது லிட்டர் கேன்ல ஒன்னு ஊத்துங்க, தண்ணி அடங்குற வரைக்கும் நின்னு, ஊசி எங்க நிக்குதோ அங்க கேஜ் கண்ணாடி மேல மார்க்கர்ல ஒரு கோடு. அடுத்த கேன், அடுத்த கோடு. என் டேங்க் அறுபது லிட்டர், மூணு கேன், மூணு கோடு. முதல் கேனுக்கே ஊசி கிட்டத்தட்ட பாதிக்குப் போயிருச்சு, அத்தனை நாளும் அரை டேங்க்னு நெனச்சது இருபது லிட்டர்தான். இப்ப அம்மாவே கேஜைப் பாத்து "ஒரு கேன் இருக்குடா, ராமேஸ்வரத்துல பிடிச்சுட்டுப் போயிரு"ன்னு சொல்றாங்க.